சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

என் அக்காவின் மகள் வாசுகி அமெரிக்காவில் இருக்கிறாள். கணவனுக்குக் கடற்படையில் வேலை. போன கிழமை போன் எடுத்தாள். குழந்தைக்குக் காதுவலி என்று வழக்கமான டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால், உங்கள் குடும்பத்துக்கு இனி இங்கே வைத்தியம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை சித்தி. இப்ப இதுக்கெண்டு ஒரு சட்டம் கொண்டுவரவேணும் எண்டு கதைக்கினம். படையில இருக்கிற ஆக்களின்ரை மருத்துவ வசதியில என்ன மாத்தம் செய்யிறதெண்டாலும் முன்கூட்டியே அறிவிக்க வேணுமாம்."

"இதுக்கும் ஒரு சட்டமோ? நடுத்தெருவில விடமுதல் ஒரு சொல்லுச் சொல்லுறதுக்கு பார்லிமென்ற் கூடவேணுமோ?" என்று ஏசினேன். அவளை ஏசி என்ன பயன்? பாவம், அவள் சிரித்தாள்.

"நீங்கள் லண்டனில உந்த வேலைதானே சித்தி செய்தனீங்கள்? ஒருக்கால் எழுதுங்கோவன்."

போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். சட்டம் வேண்டும்தான். சொல்லவேண்டும் என்று எழுதி வைத்தால்தான் மனிதர்கள் சொல்லுவார்கள். நான் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தது, ஆட்களுக்குச் சொல்லுகிற வேலையில்.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். இவர் எனக்கு முன்னமே வந்து, கோலியர்ஸ் வுட்டில் ஒரு மேல்மாடி வீடு எடுத்து, பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தார். இவர் என்றால் என் கணவர். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவள் நான், ஆங்கில டைப்பிங் கைவசம் இருந்தது. தென்லண்டனில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் சிவிலியன் கிளாக் வேண்டும் என்றார்கள். போனேன். பழகுகிற காலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு மாதம் ரெலிபோன் எடுக்கவும், இன்னொரு மாதம் யாருக்கு என்ன வைத்திய உரிமை என்று படிக்கவும் போனது. படையாட்கள், அவர்களின் மனைவி பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், விதவைகள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு. ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை என்றதும் ஊரில் அம்மா நான் துவக்குத் தூக்குகிறேன் என்று நினைத்துப் பயந்துபோனா.

எங்கள் அறைக்குத் தலைவி மிஸ் பிரைஸ். ராணுவத்தில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, பிறகு இந்த அலுவலகத்துக்கு வந்தவர். ஒல்லி, உயரம். கழுத்தில் ஒரு கறுப்பு நாடாவில் பேனை தொங்கும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனையின் மூடியை எடுத்து மெதுவாக மூடுவார். 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் மேஜர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். என்னை 'மிஸஸ்' என்று இவருடைய பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார். தவமணி என்று கூப்பிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பிறகு அது எனக்குப் பிடித்துப்போயிற்று. நாள் முழுக்க இவருடைய பெயர் காதில் விழும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு சம்பவம். ஒரு சிப்பாயின் பெண்சாதி, பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை, நிறைமாதம். இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு சூட்கேஸோடு வந்து நிற்கிறாள். கர்ப்பிணிகளைப் பார்க்கிற கிளினிக் போன கிழமையோடு வேறிடத்துக்குப் போய்விட்டது. கதவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அவளுடைய புருஷன் ஜெர்மனியில். வாங்கில் குந்தியிருந்து வீங்கின காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவும் இல்லை. மிஸ் பிரைஸ் வந்தார், பார்த்தார், பேனையை மூடினார். தன்னுடைய காரிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போய் மற்ற ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தார். வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்.

"நிறுத்துவது அவர்கள் வேலை. சொல்லிவிட்டு நிறுத்தச் செய்வது எங்கள் வேலை."

அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு முறை வந்தது. எந்த அறிவித்தலானாலும் மூன்று விஷயம் இருக்கவேண்டும். எது நிற்கப்போகிறது, எந்த நாளோடு, அதற்குப் பிறகு எங்கே போய் யாரைக் கேட்பது. இந்த 'யாரை' என்பதில்தான் மிஸ் பிரைஸ் உயிரை எடுப்பார். ஆஸ்பத்திரியின் பெயர் போதாது, பிரிவின் பெயர் போதாது. உயிருள்ள ஒரு மனிதரின் பெயர் வேண்டும். நான் அங்கே போன் எடுத்து, அந்த ஆள் இருக்கிறாரா, எங்கள் நோயாளியை எடுப்பாரா என்று கேட்டு உறுதிசெய்தால்தான் கையெழுத்து விழும்.

அதோடு விட்டாரா? அறிவித்தலை அனுப்பமுதல் என்னை நோயாளியின் கதிரையில் இருத்துவார். தான் எழுந்து நின்று அதை உரக்க வாசிப்பார். உட்கார்ந்து வாசித்ததே இல்லை. வாசித்து முடித்து என் முகத்தைப் பார்ப்பார்.

"இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"

முதல்தரம், "அழுவேன்," என்றேன்.

"அழுங்கள். அழுத பிறகு?"

"ஏன் என்று கேட்பேன்."

"யாரிடம்?"

அது அறிவித்தலில் இல்லை. அறிவித்தலைக் கிழித்துப்போட்டு, கேள்வி இருந்தால் யாரிடம் வரலாம் என்று ஒரு வரி சேர்த்துத் திரும்ப எழுதினோம். வீட்டில் இவருக்குச் சொன்னால், "உம்மடை மிஸ் பிரைஸுக்கு விசர்," என்று சிரிப்பார். விசர்தான். அந்த விசர் பிடித்த ஒருத்தி ஒவ்வொரு கந்தோரிலும் இருக்கவேண்டும்.

பிறகு பெர்லினில் சுவர் விழுந்தது. எங்கேயோ ஒரு சுவர் விழுந்தால் எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரும் ஆடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சண்டை இல்லை, இனி இவ்வளவு படை வேண்டாம், இத்தனை ராணுவ ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். வார்டு வார்டாக மூடத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் துறைக்கு ஒரு விதி வந்தது. யாருடைய வைத்தியத்தை மாற்றுவதானாலும் நிறுத்துவதானாலும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். அந்த ஆளுக்கு அது விளங்கியிருக்கவேண்டும். மறுத்துச் சொல்ல அவகாசம் இருக்கவேண்டும். இல்லையென்றால் பழைய வைத்தியம் அப்படியே தொடரும். விதியை வாசித்துவிட்டு மிஸ் பிரைஸ் முதல்முறையாக என் முன்னால் சிரித்தார். "பிந்தி வந்திருக்கிறது, ஆனால் வந்திருக்கிறது," என்றார்.

ஞானம் அங்கிளும் மனோன்மணி அன்ரியும் எங்களிடம் வந்தது அந்த நாட்களில்தான். அங்கிள் திருகோணமலையில் பிரிட்டிஷ்காரரின் தளம் இருந்த காலத்தில் அவர்களின் படையில் சேர்ந்து, சிங்கப்பூருக்குப் போய், கடைசியில் லண்டனில் ஓய்வுபெற்றவர். அப்டன் பார்க்கில் வீடு. பிள்ளைகள் இல்லை, சொந்தக்காரர் என்று பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆங்கிலமும் தமிழும் விளங்கும், வாயில் ஒன்றும் வராது. வந்த ஒன்றிரண்டு சொல்லும் தமிழ்.

பேச்சுப் பயிற்சி கொடுத்தது ஹெலன் என்ற இளம் கப்டன். நல்ல பிள்ளை, பொறுமைசாலி. மிஸ் பிரைஸின் அனுமதியோடு நானும் கிழமைக்கு ஒருமுறை போய் இருப்பேன். ஹெலன் ஒரு படத்தைக் காட்டுவாள், நான் தமிழில் சொல்லுவேன், அங்கிள் திருப்பிச் சொல்லப் பார்ப்பார். கதவு. திறப்பு. தேத்தண்ணி. 'தேத்தண்ணி' வந்த அன்று மூன்று பேரும் கைதட்டினோம். அங்கிளுக்கு வெட்கம் வந்து தலையைக் குனிந்துவிட்டார். அன்ரி கிரீன் ஸ்ட்ரீட்டில் வாங்கின முருங்கைக்காயில் நாலு எனக்குக் கொண்டுவந்து தந்துவிட்டு, "பிள்ளை, இவர் என்னோட திரும்பக் கதைப்பாரோ?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பா. வேறொன்றும் கேட்கமாட்டா. "வீட்டில ஒரு சத்தமில்லை பிள்ளை. ரேடியோவைப் போட்டுவிட்டு இருக்கிறன்."

பேச்சுப் பயிற்சிப் பிரிவையும் மூடும் நாள் வந்தது. முன்னேறிக்கொண்டிருக்கிற நோயாளிகளை வேறிடத்தில் பொறுப்புக் கொடுப்பது, முன்னேற்றம் இல்லாதவர்களுக்கு நிறுத்துவது என்று ஏற்பாடு. ஹெலன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்தாள். நான் அதில் இல்லை. பெயர் சொல்லுகிற சோதனைக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

சில நாளில் பயிற்சி நிறுத்தப்படுகிறவர்களின் பெயர்கள் டைப் செய்ய என்னிடம் வந்தன. அதில் ஞானம் அங்கிள். ஹெலனிடம் ஓடினேன்.

அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "நெருங்கிய குடும்பத்தாரின் பெயர்தான் எவருக்கும் முதலில் திரும்பி வரும். அவருக்கு இருப்பது மனைவி மட்டும். மனைவியைக் காட்டி, இவருடைய பெயர் என்ன என்று எத்தனையோ முறை கேட்டேன். வாயைத் திறக்கவே இல்லை. நிலத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். மனைவியிடம், நீங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்புகிறாரா பார்ப்போம் என்றேன். மனைவியும் கூப்பிடவில்லை, மேசையில் தட்டுகிறார். இனி எதுவும் வரும் என்று என்னால் எழுத முடியவில்லை."

எனக்கு அந்த இடத்தில் விளங்கவில்லை. துக்கத்தில் மூளை வேலைசெய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்ரிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. விளங்கவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே தபாலில் போடமுதல் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றார் மிஸ் பிரைஸ். அன்ரி வந்தா. அங்கிளை வெளியே சக்கரக் கதிரையில் விட்டுவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. மிஸ் பிரைஸ் எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாசித்தார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். எது நிற்கிறது, எந்த நாளோடு. மூன்றாவது விஷயத்துக்கு வந்தபோது நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். போய்க் கேட்க அங்கே ஒரு பெயரும் இல்லை.

அன்ரி அழவில்லை. "ஏனாம் பிள்ளை நிப்பாட்டுகினம்?"

"அவருக்கு உங்கடை பேர் சொல்ல வருகுதில்லையாம் அன்ரி. சொந்தப் பெண்சாதியின்ரை பேரே வராட்டி, இனி ஒண்டும் வராதாம்."

அன்ரி என்னை நிமிர்ந்து பார்த்தா. பிறகு மிஸ் பிரைஸைப் பார்த்தா. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"ஐயோ பிள்ளை, என்ரை பேரை அவர் எப்ப சொன்னவர்? கலியாணம் முடிச்ச நாளில இருந்து ஒருநாள் சொல்லியிருப்பாரோ? நான்தான் அவற்றை பேரைச் சொல்லுவனோ? அந்த வெள்ளைக்காரப் பிள்ளை என்னைச் சொல்லச் சொல்லேக்கை எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. நீர் உம்மடை மனுசனைப் பேர் சொல்லியே கூப்பிடுறனீர்?"

அடி ஆத்தை! நான் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். புருஷன்மார் பெண்சாதியை 'இஞ்சாரும்' என்பார்கள். இங்கே பாரும் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் தேத்தண்ணியும் இருக்கும், சண்டையும் இருக்கும், சமாதானமும் இருக்கும். வாழ்நாளில் சொல்லாத பெயரைச் சொல் என்று கேட்டு, சொல்லவில்லை என்று அந்த மனுஷனுக்கு வைத்தியத்தை நிறுத்தப் போனார்களே!

நான் படபடவென்று மிஸ் பிரைஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். 'டிக்'. அறிவித்தலை இரண்டாகக் கிழித்தார்.

"இதற்காகத்தான் முன்கூட்டிச் சொல்லவேண்டும்," என்றார். "திருப்பிச் சொல்ல அவர்களுக்கு வாய் வேண்டும், எங்களுக்குக் காது வேண்டும்."

பின்னேரம் கேணல் வந்துவிட்டார். கட்டடத்தைக் காலிசெய்கிற பொறுப்பு அவருடையது. எல்லாப் பெயரும் முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் இழுபடுகிறது என்று அவருக்கு எரிச்சல்.

"மிஸ் பிரைஸ், இது ஒரே ஒரு ஆள்."

"ஆம் சேர். விதி முழுக்க ஒரு ஆளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது."

கேணல் போய்விட்டார். பூனைக்கு மணி கட்டுகிறவர் எங்கள் அறையிலேயே இருந்தார்.

ஹெலனிடம் சொன்னபோது நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் மொழிபெயர்த்துச் சொல்ல, ஆனை யார் என்று கேட்டாள். அடுத்த கிழமை திரும்பச் சோதனை. இந்தமுறை படம் இல்லை, கேள்வி இல்லை. வெறுமையாகிப்போன அந்தப் பிரிவில் ஒரு மேசை, மூன்று கதிரை மட்டும். மற்றதெல்லாம் லொறியில் ஏற்றிவிட்டார்கள், நடந்தால் எதிரொலிக்கும். அங்கிளுக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்தோம். சீனி போடவில்லை, கரண்டியும் வைக்கவில்லை. அது என் யோசனை. அன்ரியை வெளியே நடைபாதையில் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.

அங்கிள் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. ஹெலனைப் பார்த்தார், அவள் ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தார், நான் சேலைத் தலைப்பைப் பார்த்தேன். கோப்பையைத் தள்ளினார். இடது கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இஞ்... இஞ்சா..."

ஹெலன் என் கையைப் பிடித்து நசித்தாள்.

"இஞ்சாரும்!"

கோபத்தோடுதான் வந்தது. சீனி போடாத கோபம். அன்ரி உள்ளே ஓடி வருவா என்று பார்த்தோம். வரவில்லை. அங்கிள் திரும்பவும் கூப்பிட்டார், இன்னும் தெளிவாக. அப்போதுதான் அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தா. "என்ன, சீனி போடேல்லையோ? உவையளுக்கு என்ன தெரியும்," என்று கோப்பையை எடுத்தா.

முதல்தரம் கேட்கவில்லையா என்று பிறகு கேட்டேன்.

"கேட்டது பிள்ளை. வடிவாக் கேட்டது. இன்னொருக்கால் கூப்பிடட்டும் எண்டு நிண்டனான்."

அங்கிளுக்குப் புது அறிவித்தல் எழுதினோம். மூன்றாவது விஷயத்தில் ஒரு பெயர் இருந்தது. மிஸ் பிரைஸ் தானே போன் எடுத்துப் பிடித்த பெயர். கல்லிலே நார் உரித்ததுபோல, கிழக்கு லண்டனில் ஒரு பயிற்சியாளரைச் சம்மதிக்க வைத்தார். அங்கிள் அங்கே இரண்டு வருடம் போனார். நிறையச் சொற்கள் வந்ததாம். அன்ரியின் பெயர் மட்டும் கடைசிவரைக்கும் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியை மூடினார்கள். கடைசி நாள் எங்கள் அறையில் ரெலிபோனும் இல்லை. மிஸ் பிரைஸ் என்னை அந்தப் பழைய கதிரையில் இருத்தினார். தான் எழுந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை, மனப்பாடமாகச் சொன்னார். என்னுடைய இந்த வேலை இன்றோடு நிற்கிறது, திங்கட்கிழமை இன்ன அலுவலகத்துக்குப் போய் இன்னாரைக் கேட்கவேண்டும், அவர் என்னை எதிர்பார்த்திருப்பார். சொல்லி முடித்து, "இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள், மிஸஸ்...?" என்று இவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"அழுவேன்," என்றேன். அழுதேன். அதன்பிறகு வேறு அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரைக்கும் வேலை செய்தேன். நல்ல ஆட்கள்தான். ஒருத்தரும் எழுந்து நின்று வாசித்ததில்லை. அந்த 'டிக்' சத்தத்தை இன்னொருமுறை கேட்க நான் என்னவும் கொடுப்பேன்.

இவர் போய் ஆறு வருடமாகிறது. ஒரு நோய்நொடி இல்லை, ஒரு தலையிடி இல்லை. பின்னேரம் முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். 'இஞ்சாரும்' என்று கூப்பிட்டது மாதிரி இருந்தது. செய்தியில் ஏதும் காட்டக் கூப்பிடுகிறார், எப்போதும் கூப்பிடுகிறவர்தானே என்று, "பொறுங்கோ, வாறன்," என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போகும்போது எல்லாம் முடிந்திருந்தது. டொக்டர், கண நேரத்தில் போயிருப்பார், நீங்கள் ஓடி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்றார். அது எனக்குத் தெரியும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகச் சொல்ல இதற்கு ஒரு விதியும் இல்லை. போய்க் கேட்க ஒரு பெயரும் இல்லை.

வாசுகி கேட்டதற்காக எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். எத்தனையோ பேருடைய பெயரையும் எழுதியிருக்கிறேன். திருப்பி வாசித்துப் பார்த்தால் இவருடைய பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. இப்போதும் எழுத வரவில்லை. வீட்டில் ரேடியோ போடுவதில்லை. பாத்திரம் கழுவும்போது குழாயைச் சத்தம் கேட்காதபடி மெல்லமாகத்தான் திறப்பேன்.